அந்தமான் ஆல்பத்தில் இல்லாத ஒரு போட்டோ

இன்னைக்கு எபிசோடு எங்க பெரியம்மாவோட பழைய ஆல்பத்துல இருந்து ஆரம்பிக்குது.

1985-ல அவங்களுக்குக் கல்யாணம். பெரியப்பாவுக்கு மத்திய அரசு வேலை. எல்.டி.சி. கிடைச்சதும், ஊட்டி, கொடைக்கானலை எல்லாம் விட்டுட்டு அந்தமானுக்கு டிக்கெட் போட்டுட்டார். மெட்ராஸ் துறைமுகத்துல இருந்து கப்பல், மூணு நாள் பயணம். பெரியம்மாவோட பாட்டி மட்டும், "புதுப்பொண்ணை ஜெயில் ஊருக்கா கூட்டிட்டுப் போவாங்க?"ன்னு அழுதாங்களாம்.

இப்ப கேட்டா நமக்குச் சிரிப்பு வரும். ஆனா பாட்டி சொன்னதுல ஒரு வரலாறு இருக்கு.

1857 கிளர்ச்சிக்கு அடுத்த வருஷம், 1858 மார்ச்சில், 200 கைதிகளோட போர்ட் பிளேர்ல தண்டனைக் குடியிருப்பை ஆரம்பிச்சது பிரிட்டிஷ் அரசு. நமக்குத் தெரிஞ்ச செல்லுலார் ஜெயில் கட்டி முடிஞ்சது 1906-ல்தான். அதுக்கு முன்னாடியே பல ஆயிரம் பேர் அங்கே நாடு கடத்தப்பட்டாங்க. அவங்கள்ல பெண்களும் உண்டு. பெத்த குழந்தையைக் கொன்னதா தண்டிக்கப்பட்டவங்க அதுல நிறைய பேர்.

பெண்களுக்குன்னு சவுத் பாயிண்டில் தனிச் சிறை இருந்தது. ஆண் கைதி சில வருஷம் ஒழுங்கா இருந்தா, வெளியே தங்கிச் சொந்தமாப் பிழைக்க அனுமதி கிடைக்கும். அப்படிப்பட்டவர் அதிகாரிகளோட சம்மதத்தோட பெண்கள் சிறைக்குப் போய், கல்யாணத்துக்குத் தகுதியானவங்கள்ல ஒருத்தரைத் தேர்ந்தெடுக்கலாம். அந்தப் பெண்ணும் சம்மதிக்கணும். ஆனா யோசிச்சுப் பாருங்க, அவங்க முன்னாடி இருந்த இன்னொரு வழி சிறைக்குள்ளேயே இருக்கறதுதான். அதை எவ்வளவு தூரம் சம்மதம்னு சொல்ல முடியும்?

அரசுக்கு இதுல ஒரு கணக்கு இருந்தது. தீவில் பெண்கள் ரொம்பக் குறைவு. குடும்பம்னு ஒண்ணு அமைஞ்சா கைதி அடங்கி இருப்பான், நிலத்தை உழுவான், ஊர் வளரும். கல்யாணமும் நிர்வாகத்தோட ஒரு கருவி ஆச்சு. மொழி வேற, சாதி வேற, ஊர் வேறன்னு இருந்தவங்க இப்படிச் சேர்ந்து வாழ்ந்தாங்க. அவங்க பிள்ளைகள் வழி வந்தவங்களுக்கு அங்கே 'லோக்கல் பார்ன்'னு பேர். வீட்டில் பேசறது இந்துஸ்தானி.

இப்ப ஆல்பத்துக்கு வருவோம். கார்பின்ஸ் கோவ் கடற்கரையில பெரியம்மா பட்டுப்புடவையோட நிக்கறாங்க. ராஸ் தீவுல, மரத்தோட வேர் சுத்தி இறுக்கின சுவர் பக்கத்துல பெரியப்பா. செல்லுலார் ஜெயில் வாசல்ல ரெண்டு பேரும். அது 1979-ல்தான் தேசிய நினைவுச் சின்னம் ஆகியிருந்தது.

இல்லாத போட்டோ ஒண்ணு இருக்கு. அவங்க தங்கின லாட்ஜ் உரிமையாளரோட அம்மா, வயசானவங்க, புதுப்பொண்ணுன்னு தெரிஞ்சதும் தினமும் பூ கொண்டு வந்து தருவாங்களாம். ஒருநாள் இந்தியில ஏதோ சொன்னாங்க. பெரியப்பாவுக்குப் பாதிதான் புரிஞ்சது. "அவங்க பாட்டியும் மெட்ராஸ் பக்கமாம். கல்யாணம் இங்கேதானாம்."

"எவ்வளவு ஆசையா வந்து கல்யாணம் பண்ணிருக்காங்கன்னு நினைச்சேன்டா"ன்னு பெரியம்மா இப்ப சொல்றாங்க. "எந்த ஊரு, என்ன பேருன்னு ஒரு வார்த்தை கேக்கலையே."

அந்தப் பாட்டி எப்படி அங்கே போனாங்கன்னு நமக்குத் தெரியாது. கைதியா இருந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சொல்லியிருக்கக்கூடியவங்க பூவோட எதிர்ல நின்னாங்க, அவ்வளவுதான்.

2024-ல போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம்னு பேர் மாறிடுச்சு. நீங்களும் ஹனிமூனுக்கோ டைவிங்குக்கோ அங்கே போகலாம். தாராளமா போங்க. சாப்பாடு போடறவங்க, வண்டி ஓட்டறவங்க கிட்ட அவங்க குடும்பம் எப்ப வந்ததுன்னு பேச்சுவாக்கில் கேளுங்க. சொல்ல விருப்பம் இருந்தா சொல்வாங்க. அப்புறம், வீட்டில் இருக்கிற பழைய ஆல்பத்தையும் ஒரு தடவை எடுங்க, அதைப் பத்திச் சொல்ல ஆள் இருக்கும்போதே.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.