இல்லாத அரண்மனையின் சித்திரம்

குண்டசாலையில் ஓர் அரண்மனை இருந்தது. கண்டி இராச்சியத்தைச் சிங்கள வமிசத்தவருள் இறுதியாக ஆண்ட வீர பராக்கிரம நரேந்திரசிங்கன் (1707–1739) தலைநகரைக் காட்டிலும் மகாவலி கங்கைக் கரையிலுள்ள இவ்வூரையே விரும்பி வாழ்ந்தான். மக்கள் வழக்கில் அவனுக்குக் 'குண்டசாலை மன்னன்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவன் மதுரையிலிருந்து பெண் கொண்டான். அவனுக்குப்பின் பட்டத்தரசியின் சகோதரன் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் அரியணை ஏற, கண்டியில் நாயக்கர் ஆட்சி தொடங்கியது. இவை வரலாற்று மாணவர் அறிந்த செய்திகளே. 1765இல் ஒல்லாந்தரும் 1803இல் ஆங்கிலேயரும் படையுடன் கண்டிக்குள் புகுந்தனர். 1815இல் இராச்சியமே வீழ்ந்தது. இன்று குண்டசாலைக்குச் செல்பவர் விவசாயப் பாடசாலையைக் காணலாம். வீடுகளையும் கடைகளையும் காணலாம். நரேந்திரசிங்கனின் மாளிகை நிமிர்ந்து நிற்பதைக் காண முடியாது.

இல்லாத அந்த மாளிகையைத் தைலவர்ணத்தில் தீட்ட இன்று ஓர் ஓவியர் விரும்புகிறார் எனக் கொள்வோம். எதைப் பார்த்துத் தீட்டுவது என்பதே அவரது முதற் கேள்வியாக இருக்கும். இக்கேள்விக்கு 2022ஆம் ஆண்டில் ஒரு புதிய விடை தோன்றியது. மிட்ஜர்னி, ஸ்டேபிள் டிஃபியூஷன் முதலிய படம் ஆக்கும் செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் அவ்வாண்டிலேதான் பொதுமக்களின் கைக்கு எட்டின. ஆற்றங்கரை, பழைய அரண்மனை, அதிகாலை மூடுபனி என்று சில சொற்களை எழுதிக் கொடுத்தால் சிறிது நேரத்தில் படங்கள் வந்துவிடுகின்றன. அப்படங்களை மாதிரியாகக் கொண்டு, பாழடைந்த மண்டபங்களையும் பனி மூடிய கோபுரங்களையும் கித்தானில் தீட்டும் தைலவர்ண ஓவியர்கள் உலகின் பல பகுதிகளிலும் இன்று இருக்கின்றனர்.

பொறியே படத்தைத் தந்துவிட்டதென்றால் ஓவியனுக்கு அங்கே என்ன வேலை என்று ஏளனம் செய்வோர் உண்டு. அவர்கள் கித்தானைத் தொட்டறியாதவர்கள். பொறி தரும் படம் முதற் பார்வையில் மயக்கும். அளவுகோலை வைத்தவுடன் குலைந்துபோகும். தொலைவு செல்லச் செல்ல ஒரே புள்ளியை நோக்கி ஒடுங்க வேண்டிய சுவர்க் கோடுகள் ஆளுக்கொரு திசையில் ஓடும். தூண் ஒன்று கூரையைத் தாங்காமல் நடுவழியில் கரைந்துவிடும். படிக்கட்டு எந்த வாசலுக்கும் போய்ச் சேராது. ஓவியர் இவற்றையெல்லாம் தாளிலே கட்டங்கள் இட்டு, அடிவானத்தை நிலைநிறுத்தி, மீண்டும் வரைந்து கொள்ள வேண்டும். பின்னர் நிறங்களை நீக்கி, எது இருள், எது வெளிச்சம் என்பதை மட்டும் பிரித்துப் பார்ப்பார். டர்ப்பன்டைனில் கரைத்த கபில நிறத்தைக் கித்தானில் மெல்லப் பூசி, அதன்மேல் பெரிய நிழல்களை இடுவார். தொலைவிலுள்ளவை வெளிறி, நீலம் பாரித்து, ஓரங்கள் மங்கி நிற்க வேண்டும். அருகிலுள்ளவை இருண்டு, வெம்மை கொண்டு, தடித்த வர்ணத்தில் எழ வேண்டும். மூடுபனி என்பது வெள்ளையை அள்ளிப் பூசுவதால் வருவதன்று. உலர்ந்த படலத்தின்மேல் ஆளிவிதை எண்ணெய் கலந்த, ஒளி ஊடுருவும் மெல்லிய பூச்சுக்களைப் பல நாள் இடைவெளி விட்டு ஒன்றன்மேல் ஒன்றாக இட்டுப் பெறுவது அது. எண்ணெய் குறைந்த பூச்சு அடியிலும் மிகுந்த பூச்சு மேலிலும் அமையாவிட்டால் சில ஆண்டுகளில் படம் வெடித்துவிடும். இந்த உழைப்பில் எந்தப் பொறியும் பங்கு கொள்வதில்லை.

ஆனால் தூணின் பிழையைத் திருத்த அளவுகோல் உண்டு. வரலாற்றுப் பிழையைத் திருத்த எது உண்டு?

மாதிரி பார்த்துத் தீட்டுவது ஓவியத்துக்கு இழுக்கு என்று நாம் கருதவில்லை. தாமஸ் டானியேலும் அவர் சகோதரரின் மகன் வில்லியமும் 1786 முதல் 1793 வரை இந்தியாவில் ஊர் ஊராக அலைந்து, இருட்டறைப் பெட்டியின் ஆடியில் விழுந்த கோயில்களின் உருவத்தைத் தாளிற் பதித்துக்கொண்டனர். பின்னர் இங்கிலாந்தில் இருந்தபடியே அவற்றை ஓவியங்களாக்கினர். வில்லியத்தின் தம்பி சாமுவேல் இலங்கைக்கே வந்து வரைந்து, 1811இல் இங்கேயே இறந்தார். ரவிவர்மாவின் கூடத்தில் நிழற்படங்களுக்கு இடம் இருந்தது. ஆகவே ஆடியும் நிழற்படமும் பொறியும் ஒரே வரிசையில் வருவன என்று வாதிடலாம். ஓரளவுக்கு அவ்வாதம் சரியுமாகும். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. டானியேலின் ஆடிக்கு முன்னால் ஒரு கோயில் நின்றது. பொறிக்கு முன்னால் நிற்பதோ பிறர் முன்பு ஆக்கிய படங்களின் குவியல் மட்டுமே.

அக்குவியல் எத்தகையது? ஸ்டேபிள் டிஃபியூஷனைப் பயிற்றுவிக்க இணையத்திலிருந்து திரட்டப்பட்ட 'லயன்' என்னும் படத்தொகுதிகள் பயன்பட்டன. அவற்றுள் 2022இல் வெளியான பெருந்தொகுதி ஏறத்தாழ 585 கோடிப் படங்களைச் சுட்டுவது. ஒவ்வொன்றுடனும் அதை ஒட்டி இணையத்தில் இருந்த சொற்கள் இணைந்திருக்கும். படத்தின்மீது புள்ளிப் புழுதியைத் தூவித் தூவி அதனை அழித்து, அழிந்ததிலிருந்து படத்தை மீட்கும் பயிற்சியைப் பொறிக்குக் கொடுக்கின்றனர். பயிற்சி முற்றியபின் வெறும் புழுதியிலிருந்தே, நாம் கொடுக்கும் சொல்லுக்கு இசைந்த ஓர் உருவத்தை அது கட்டி எழுப்பும். எது அதிகமாகப் படமாக்கப்பட்டதோ அதுவே அதற்கு நன்றாகத் தெரியும். குண்டசாலை அதற்குத் தெரியாது. கீழைத்தேயம் என்றால் மூடுபனி, பொன்னிற வெயில், அடுக்குக் கூரை, ஆளரவமற்ற முற்றம் என்பதே அதற்குத் தெரியும். ஏனெனில் நூற்றாண்டுக் கணக்கில் கீழைத்தேயத்தைப் படமாக்கியவர்கள் அப்படித்தான் ஆக்கி வைத்தார்கள்.

கண்டிப் பிரதேசத்தின் படங்களை எடுத்துக்கொள்வோம். ராபர்ட் நாக்ஸ் 1660 முதல் 1679 வரை கண்டி அரசனின் கைதியாக இந்நாட்டில் வாழ்ந்தார். 1681இல் லண்டனில் வெளிவந்த அவர் நூலின் படங்கள் லண்டன் செதுக்குநரின் கைவேலை. நாக்ஸின் சொற்களே அவற்றுக்கு ஆதாரம். சொல்லைக் கொடுத்துப் படத்தைப் பெறும் முறை 2022இல் தோன்றியதன்று போலும்! பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிழற்படம் வந்தது. ஜோசப் லோட்டன், ஸ்கோவன் முதலியோர் இடிபாடுகளையும் மலைகளையும் தோட்டங்களையும் படம் பிடித்து வெள்ளையருக்கு விற்றனர். மலைநாட்டின் பனியையும் பசுமையையும் உலகம் அறிந்துகொண்டது. அந்தப் பனிக்குள்ளே லயன் காம்பராக்களில் முடங்கிக் கிடந்த நம் தோட்டத் தொழிலாளரின் வாழ்வை உலகம் அவ்வளவாக அறிந்துகொள்ளவில்லை. (படத்தொகுதிக்கும் அந்த வரிசை வீட்டுக்கும் தமிழில் ஒரே எழுத்துக்கள் அமைந்துவிட்டது தற்செயல்தான்.)

நாக்ஸின் படங்களைவிட அவருடைய சொற்களே நமக்கு அதிகம் பயன்படுகின்றன. கண்டி மக்களின் வீடுகளைப் பற்றி அவர் ஒரு செய்தி தருகிறார். ஒரு மாடிக்குமேல் வீடு கட்ட மக்களுக்கு அனுமதி இல்லை. கூரைக்கு ஓடு வேய அனுமதி இல்லை. சுவருக்குச் சுண்ணாம்பு பூசவும் அனுமதி இல்லை. சுண்ணாம்புபோல வெண்மையான ஒருவகைக் களிமண்ணைச் சில வேளை பூசிக்கொள்வர். நாக்ஸ் கண்டது நரேந்திரசிங்கனுக்கு ஒரு தலைமுறை முந்திய காலம். ஆயினும் அந்நிலமானிய அமைப்பின் உள்ளமைப்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது. அங்கே ஓடு என்பது வெயில் மழைக்கு வேய்ந்த பொருள் மட்டுமன்று, அதிகாரத்தின் அடையாளம். வெள்ளைச் சுவர் என்பது அழகுணர்ச்சி மட்டுமன்று, சட்டம். குடியானவன் கையில் காசு இருந்தாலுங்கூட அவன் தன் சுவருக்குச் சுண்ணாம்பு பூச முடியாது.

இப்போது அந்தப் பொறியின் படத்தை மீண்டும் பாருங்கள். பனியினூடே சிவந்த ஓட்டுக் கூரைகள் ஊர் முழுவதும் அலையலையாக விரிந்தால், வெண்சுவர்கள் வரிசையாக ஒளிர்ந்தால், பார்க்க மிக அழகாக இருக்கும். ஓவியரும் அதை மூன்று வாரம் பாடுபட்டு அருமையாகத் தீட்டிவிடலாம். அந்த அழகினால் ஓர் ஊரின் வர்க்க வேறுபாடு முழுவதும் சுவடின்றிப் போய்விடும். அரண்மனையின் ஓட்டுக் கூரை எவ்வளவு உயரமாகத் தெரிந்தது என்பதை அறிய, அதைச் சுற்றியிருந்த வைக்கோல் கூரைகள் எவ்வளவு தாழ்ந்திருந்தன என்பதையல்லவா வரைய வேண்டும்?

மாதிரியின் பின்னாலுள்ள உழைப்பு யாருடையது என்பது இன்னொரு கேள்வி. போலந்து நாட்டு ஓவியர் கிரெக் ருட்கோவ்ஸ்கி, ஒளியும் புகையும் சூழ்ந்த பழங்காலக் காட்சிகளைத் தீட்டுவதில் பெயர் பெற்றவர். 2022இல் பல்லாயிரம் பேர் அவர் பெயரையே சொல்லி, அவர் பாணியில் பொறிகளிடம் படம் கேட்டனர். அவரிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை. 2023 சனவரியில் அமெரிக்க ஓவியர் மூவர், அப்பொறிகளை ஆக்கிய நிறுவனங்களின்மீது வழக்குத் தொடுத்தனர். அதே மாதத்தில் மற்றொரு செய்தியும் வெளியாயிற்று. உரையாடும் பொறியான சாட்ஜிபிடியைத் தூய்மைப்படுத்துவதற்காக, கொடுமையான எழுத்துக்களை வாசித்து வாசித்துத் தரம் பிரித்த கென்யத் தொழிலாளருக்கு மணிக்கு இரண்டு டொலருக்கும் குறைவான கூலியே கிடைத்தது. தானாக இயங்குவதாகச் சொல்லப்படும் பொறி ஒவ்வொன்றின் அடியிலும் கூலி குறைந்த ஒரு கை இருக்கவே செய்கிறது.

குண்டசாலைக்கு அண்மையில் தெகல்தொருவ என்னும் குகை விகாரை உள்ளது. கீர்த்திசிறி ராஜசிங்கன் (1747–1782) காலத்தில் தொடங்கி, அவன் தம்பி ராஜாதி ராஜசிங்கன் காலத்தில் நிறைவெய்தியது. அதன் சுவர்களில் வெஸ்ஸந்தர சாதகம் முதலிய கதைகளும், விதானத்தில் மாரனின் போரும் தீட்டப்பட்டுள்ளன. தேவரகம்பொல சில்வத்தென்ன உன்னான்சே என்னும் துறவியும் வேறு சில சித்திரக்காரரும் தீட்டியவை அவை. பெயர் தெரிகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் இதைக் கொண்டு அக்காலத்தைப் பொற்காலமாக்கிவிடத் தேவையில்லை. சித்திரக்காரர் தொழில் பிறப்போடு பிணைக்கப்பட்டிருந்தது. நிலத்துக்குப் பதிலாக அரசனுக்கு ஊழியம் செய்யும் இராசகாரிய முறை, ஆங்கில ஆட்சியில் 1832ஐ ஒட்டி ஒழிக்கப்படும் வரை நீடித்தது.

அக்கைவினைஞரை ஆராய்ந்து நூலாக்கியவர் ஆனந்த குமாரசுவாமி. கனிப்பொருள் ஆய்வுக்காக 1903 முதல் 1906 வரை இலங்கையில் சுற்றிய அவர், கற்களோடு கலைஞரையும் கண்டார். அவருடைய 'மத்தியகாலச் சிங்களக் கலை' 1908இல் வெளிவந்தது. சோசலிசவாதியான வில்லியம் மோரிஸ் தம் கெல்ம்ஸ்கொட் அச்சகத்தில் பயன்படுத்திய அதே அச்சுப்பொறியில் 425 பிரதிகள் அச்சாயின. நூலுக்கு வேண்டிய நிழற்படங்களை அவர் மனைவி எதெல் எடுத்தார். விளாம்பிசின், வெண்களி, அரிதாரம் என்று சித்திரக்காரரின் பொருள்கள் அந்நூலில் ஒவ்வொன்றாக வருகின்றன. சிவப்புக்கு அவர்கள் வழங்கிய பெயர் சாதிலிங்கம். தமிழர் வாயிலும் அதே பெயர்தான். நூற்றாண்டின் நடுவில், 1943இல் கொழும்பில் அமைந்த '43 குழு' ஓவியர்களுள் ஒருவரான மஞ்சுசிறி, விகாரை விகாரையாகச் சென்று இச்சுவர்ச் சித்திரங்களைத் தம் கையாலேயே பிரதி செய்தார். அழிந்துவிட்ட சுவர்கள் சிலவற்றுக்கு அந்தப் பிரதிகளே எஞ்சிய சாட்சி.

நமது தைலவர்ண ஓவியருக்கு வேண்டிய மாதிரி இங்கேதான் உள்ளது என்பது எமது துணிபு. 1783இல் தொடங்கப்பட்ட கண்டி மகுல் மடுவத்தின் மரத்தூண்களும் தாமரைப் போதிகைகளும் இன்றும் நிற்கின்றன. சென்று அளந்து பார்க்கலாம். சாய்வு இருமுறை மடியும் கண்டிக் கூரையின் எடை எவ்வாறு தூண்களில் இறங்குகிறது என்பதை அங்கே நின்று அறிந்தவருக்கு, பொறியின் கரைந்துபோன தூண் ஒருநாளும் பிடிக்காது. தெகல்தொருவச் சுவரிலோ அரசமாளிகைகளே இருக்கின்றன. செந்நிறப் பின்புலத்தில், நிழல் இன்றி, தொலைவு இன்றி, முன்சுவரை நீக்கிக் காட்டியதுபோல் தூண்களுக்கிடையே அரசனும் அரசியும் அமர்ந்திருப்பர். வெற்றிடம் தோன்றும் இடமெல்லாம் பூக்கள் நிரம்பியிருக்கும். நரேந்திரசிங்கன் இறந்து அரை நூற்றாண்டு கழியுமுன், அவன் வாழ்ந்த ஊருக்கு அண்மையில், மாளிகை என்றால் எப்படியிருக்கும் என்று அறிந்த மனிதர் தீட்டியவை அவை. அவற்றில் மூடுபனி மட்டும் இல்லை.