கடலில்லாக் கண்டியும் மல்லாந்து நீந்திய வீரரும்

கடலே இல்லாத கண்டிக்குக் கடற்படைத் தளபதி ஒருவர் வந்து தங்கியதுண்டு. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு, தென்கிழக்காசிய நேச நாட்டுப் படைகளின் தலைமையகத்தைப் புதுதில்லியிலிருந்து பேராதனைப் பூங்காவுக்கு மாற்றினார். இவ்வரலாற்றைக் கண்டிவாசிகள் பலர் அறிவர். அதே போர்க்காலத்தில் மாலுமிகளின் உயிர் காக்க உழைத்த ஒரு நீச்சல் வீரரை அறிந்தோர் சிலரே. விளையாட்டுச் செய்தியையும் போர்ச் செய்தியையும் வெவ்வேறு பக்கங்களில் இட்டே பழகிய பத்திரிகைக்காரனாகிய எனக்கு, இரண்டும் ஒன்றுசேரும் இக்கதையில் தனி ஈடுபாடு உண்டு.

அவர் பெயர் அடால்ஃப் கீஃபர். ஜெர்மானியக் குடியேறிகளின் மகனாக 1918இல் சிக்காகோவில் பிறந்தவர். நீந்தத் தெரியாத சிறுவயதில் கால்வாயொன்றில் தவறி விழுந்தபோது, மல்லாந்து கிடந்து கால்களை உதைத்தே கரை சேர்ந்ததாகப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். முகம் நீருக்கு மேலே இருந்தால் மூச்சு நிற்காது என்பதே அவர் கற்ற முதற்பாடம்.

1935இல், பள்ளி மாணவராக இருக்கையிலேயே, 100 யார் மல்லாந்து நீச்சலை 59.8 விநாடிகளில் கடந்தார். அத்தூரத்தை ஒரு நிமிடத்துக்குள் நீந்திய முதல் மனிதர் அவரே. மறு ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் 100 மீற்றரை 1 நிமிடம் 5.9 விநாடிகளில் முடித்துத் தங்கம் வென்றார். ஆனால் 1940, 1944ஆம் ஆண்டுகளின் ஒலிம்பிக் போட்டிகளைப் போர் விழுங்கிவிட்டது. மீண்டும் ஒரு பதக்கம் அவருக்கு வாய்க்கவில்லை.

அந்தப் போர் நம் கடலிலும் நடந்தது. 1942 ஏப்ரல் 5இல் கொழும்பு மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அன்றே இலங்கைக்குத் தென்மேற்கே டோர்செட்ஷயர், கோர்ன்வால் என்னும் இரு பிரித்தானியப் போர்க்கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. 424 பேர் மாண்டனர். எஞ்சிய 1,122 பேர் மறுநாள் மாலை மீட்கப்படும்வரை கடலிலேயே காத்துக் கிடந்தனர். ஏப்ரல் 9இல் மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கியது.

கப்பல் மூழ்கிய பின் மாலுமிக்கு வேண்டுவது வேகம் அன்று, மிதத்தல். அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த கீஃபர் இதையே வலியுறுத்தினார். எதிரியின் குண்டுகளைவிட நீரே அதிக உயிர்களைக் கொள்கிறது என்பது அவர் வாதம். கடற்படையின் நீச்சல் பயிற்சியைச் சீரமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. ஆயிரக்கணக்கான பயிற்றுநர்களை உருவாக்கினார். களைப்பின்றி மல்லாந்து நீந்தும் எளிய முறையொன்றைப் புகுத்தினார். போட்டிக்காகப் பழகிய கலை, உயிர் காக்கும் கல்வியாயிற்று. போருக்குப் பின் நீச்சல் கருவிகள் செய்யும் நிறுவனம் தொடங்கி, நைலோன் நீச்சலுடையை அறிமுகம் செய்தார். 2017இல், 98ஆம் வயதில் காலமானார்.

கண்டிக்குக் கடல் இல்லை. ஆனால் நகரைச் சுற்றி வளைந்தோடும் மகாவலி இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021இல் உலகெங்கும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். நம்மவரோ நீச்சலை இன்னும் தடாகமுள்ள பாடசாலைகளின் பதக்க விளையாட்டாகவே எண்ணுகிறோம். ஆற்றங்கரையில் வாழும் பிள்ளைக்குப் பதக்கம் வேண்டியதில்லை. மல்லாந்து மிதக்கத் தெரிந்தால் போதும். அதைக் கற்பிக்கும் கடமை பெற்றோருக்கும் பாடசாலைக்கும் உண்டு.