பறித்ததே மருந்தானது

கனடாவில் 1885 முதல் 1951 வரை ஒரு சடங்கு சட்டப்படி குற்றமாக இருந்தது. அதன் பெயர் பாட்லாட்ச். பசிபிக் கரையோரப் பூர்வகுடிகள் பெயர் சூட்டியதும் மணம் முடித்ததும் இறந்தவர்களுக்காக அழுததும் அந்தச் சடங்கில்தான். முகமூடி அணிந்து ஆடுவார்கள். வந்தவர்களுக்குப் பொருள்களை வாரி வழங்குவார்கள்.

1921 டிசம்பரில் குவாக்வாலா மொழி பேசும் மக்கள் ஒரு தீவில் பெரிய பாட்லாட்ச் நடத்தினார்கள். அரசு வழக்குப் போட்டது. முகமூடிகளை ஒப்படைத்தால் சிறை இல்லை என்று பேரம் பேசியது. அப்படிப் பிடுங்கியவை ஒட்டாவா, டொரன்டோ, நியூயார்க் அருங்காட்சியகங்களுக்குப் போயின.

அதே அரசு பிள்ளைகளையும் பறித்தது. திருச்சபைகள் நடத்திய உறைவிடப் பள்ளிகளில் 1,50,000-க்கும் மேற்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகள் அடைக்கப்பட்டார்கள். தாய்மொழி பேசினால் அடி. பட்டினி, நோய், பாலியல் வன்முறை, ஆயிரக்கணக்கான மரணங்கள். காயத்தைக் கொடுத்தவர்கள், அதை ஆற்றிக்கொள்ள அந்தச் சமூகத்திடம் இருந்த வழியையும் சேர்த்தே அழிக்கப் பார்த்தார்கள்.

அதனால்தான் அங்கே மனக்காய சிகிச்சை என்பது மருத்துவர் அறையோடு முடியவில்லை. 1980-இல் அலர்ட் பே ஊரில் உமிஸ்தா பண்பாட்டு மையம் திறக்கப்பட்டது. போராடி மீட்ட முகமூடிகள் அங்கே இருக்கின்றன. எதிரிகள் சிறைபிடித்துப் போனவர்கள் வீடு திரும்புவதை அம்மக்கள் 'உமிஸ்தா' என்பார்கள். மையத்தின் பக்கத்திலேயே செயின்ட் மைக்கேல் உறைவிடப் பள்ளிக் கட்டடம் நின்றது. 2015-இல் அதை இடித்தபோது, அங்கே படித்தவர்கள் திரண்டு வந்து சடங்கு செய்தார்கள்.

1998-இல் 35 கோடி டாலர் நிதியோடு பூர்வகுடி நலமீட்பு அறக்கட்டளை தொடங்கியது. அது உதவிய பல திட்டங்களில் உளவியல் ஆலோசகரும் சமூகத்தின் மூத்தவர்களும் சேர்ந்து வேலை செய்தார்கள். பேச்சு சிகிச்சையோடு முரசும் கைவினையும் சடங்கும் இணைந்தன. பின்னர் வந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் கூட்டங்களில், சாட்சி சொன்னவர்கள் கண்ணீர் துடைத்த காகிதங்களைக் குப்பையில் போடவில்லை. சேகரித்துப் புனித நெருப்பில் இட்டார்கள். பள்ளியில் தனியாக, வெட்கத்தோடு அழுத பிள்ளையின் கண்ணீருக்கு ஊரே சாட்சியானது.

சிற்பி கேரி நியூமனின் தந்தை உறைவிடப் பள்ளியில் படித்தவர். நியூமன் பள்ளிக் கதவு, குழந்தையின் காலணி, பின்னல் முடி என்று 800-க்கும் மேற்பட்ட பொருள்களைச் சேர்த்து, 'சாட்சிப் போர்வை' என்ற படைப்பை உருவாக்கினார். 2019-இல் ஓர் அருங்காட்சியகத்தோடு செய்த ஒப்பந்தம், அந்தப் படைப்புக்கே உரிமைகள் உண்டு என்று ஏற்றது. 1921-இல் முகமூடிகளுக்கு நடந்ததன் நேர் எதிர் இது.

இது நமக்கு அப்படியே பொருந்தாது. அவர்களிடமிருந்து சடங்கைப் பறித்தார்கள். நம்மீது பறையைச் சாவு வீட்டு ஊழியமாகத் திணித்தார்கள். ஆகவே நமக்கு முதலில் தேவைப்பட்டது 'அடிக்க மாட்டோம்' என்று சொல்லும் உரிமை. நமக்காக நாமே அடிப்பது அதன் பிறகு வந்தது.

இன்னொன்றும் உண்டு. அந்த நிதி அரசின் கருணையால் வரவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் வாய் திறந்து பேசினார்கள், நீதிமன்றம் போனார்கள். அரசு நிதியை நிறுத்திய பிறகு, 2014-இல் அறக்கட்டளை மூடப்பட்டது. காயம் மூடவில்லை.

வன்கொடுமை நடந்த ஊரில் பிள்ளைகளுக்கு ஓவிய முகாம் நடத்தப் போகும் தோழர்களே, வண்ணங்களை எடுத்துச் செல்லுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானதா, நிவாரணம் வந்து சேர்ந்ததா என்பதையும் அங்கே கேளுங்கள்.