தலவில புனித அன்னம்மாள் திருத்தலம்

இலங்கையின் புத்தளம் மாவட்டத்தில், கற்பிட்டித் தீபகற்பத்தின் கடற்கரையில் அமைந்த கத்தோலிக்கத் திருத்தலம். சிலாபம் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. மரியாளின் தாயும் இயேசுவின் பாட்டியுமான அன்னம்மாள் இதன் பாதுகாவலி.

மரியாளின் தாயைப் பற்றி விவிலியத்தில் ஒரு வரிகூட இல்லை. அன்னம்மாளின் கதை முதன்முதலில் வருவது, திருச்சபை விவிலியத்தில் சேர்க்காத ‘யாக்கோபின் முதல் நற்செய்தி’ என்னும் 2ஆம் நூற்றாண்டு நூலில். பிள்ளையில்லாதவர் என்பதால் கணவர் சுவக்கின் காணிக்கை செலுத்த வந்த இடத்தில் தடுக்கப்படுகிறார். மனம் நொந்து பாலைநிலம் போய் நாற்பது நாள் நோன்பிருக்கிறார். வீட்டில் தனித்துவிடப்பட்ட அன்னம்மாள் தோட்டத்து மரத்தில் குருவிக்கூட்டைக் கண்டு, பறவைக்கும் குஞ்சு உண்டு, தனக்கில்லையே என்று அழுகிறார். வானதூதர் வாக்களித்ததும், பிறப்பது ஆணோ பெண்ணோ, கடவுளுக்கே கொடுப்பதாக நேர்ந்துகொள்கிறார். பிறந்தது பெண். மூன்று வயதில் கோவிலில் விட்டுவிட்டு வருகிறார். போதனையோ புதுமையோ அவர் பெயரில் அந்நூலில் இல்லை. பெற்றதும் வளர்த்ததும் சொன்ன சொல் தவறாததுமே உண்டு. முதலாம் ஜஸ்டினியன் பேரரசர் 6ஆம் நூற்றாண்டிலேயே கொன்ஸ்தாந்திநோபிளில் இவருக்கு ஆலயம் எழுப்பினார். மேற்கில் யூலை 26ஆம் திகதித் திருவிழாவை 1584இல் திருச்சபை முழுமைக்கும் விரித்தவர் 13ஆம் கிரகோரி.

தலவிலவின் தொடக்கம் பற்றி இரு மரபுக் கதைகள் உள்ளன. மன்னாரிலிருந்து கொழும்புக்கு நடந்துபோன ஏழைப் போர்த்துக்கேயர் ஒருவர் மரத்தடியில் கண்ட கனவை ஒன்று சொல்கிறது. கப்பல் சேதமாகிக் கரையேறிய ஐரோப்பிய வணிகர், வியாபாரம் செழித்தால் ஆலயம் கட்டுவதாக நேர்ந்து, பின்னர் திரும்பி வந்து கட்டினார் என்பது மற்றது. அன்னம்மாளுடையதும் நேர்ச்சைக் கதையே என்பதால் பின்னது அதனோடு ஒத்துப்போகிறது.

ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருக்களுக்கு அடைக்கலம் கொடுப்பதே குற்றம். 1687இல் மாறுவேடத்தில் இலங்கை வந்த யோசேப்பு வாஸ் அடிகளார் புத்தளம் பகுதியிலும் பணியாற்றினார். கத்தோலிக்கர் மீதான தடைகளை, ஒல்லாந்தருக்குப் பின் வந்த ஆங்கிலேயர் 1806இல் நீக்கினர். இன்றுள்ள ஆலயம் 1837இல் தொடங்கி 1843இல் கட்டி முடிக்கப்பட்டது.

ஆண்டுக்கு இரு திருவிழாக்கள்: மார்ச்சில் ஒன்று, யூலை இறுதி – ஆகஸ்ட் தொடக்கத்தில் பெரியது. தமிழரும் சிங்களவரும், பிற சமயத்தவரும், குறிப்பாகப் பிள்ளைவரம் வேண்டுவோர், வளாகத்தில் கூடாரமடித்துத் தங்குகின்றனர். பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டி வீதி வழியாகச் செல்லலாம்.