நீராவியின் வழியை மறிக்கும் காற்று

கட்டடங்களை நீராவியால் சூடேற்றும் முறை இங்கிலாந்தின் தொழிற்கூடங்களில் உருவானது. 1784-இல் ஜேம்ஸ் வாட் தம் அலுவலறையில் ஒரு தகட்டுப் பெட்டியை வைத்து அதனுள் நீராவியைச் செலுத்திப் பார்த்தார். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் சால்ஃபோர்டின் பஞ்சாலை ஒன்றில் கூரையைத் தாங்கிய உள்ளீடற்ற இரும்புத் தூண்களே நீராவிக் குழாய்களாகவும் பயன்பட்டன. ஆனால் இம்முறை குடியிருப்புகளில் வேரூன்றியது அமெரிக்காவின் வடகிழக்கு நகரங்களில்தான். 1840-களில் ஜோசப் நேசன் குறுகிய குழாய்களால் ஆன சூடேற்று அமைப்பை அங்கே பரப்பினார். 1870-களில் நெல்சன் பண்டி வடிவமைத்த வார்ப்பிரும்பு ரேடியேட்டர் பெரும் வரவேற்பைப் பெற்றது. 1882-இல் நியூயார்க் நகரத் தெருக்களின் அடியில் நீராவி வழங்கும் நிறுவனம் ஒன்று செயல்படத் தொடங்கியது.

நீர் கொதித்து ஆவியாகும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 1,700 மடங்கு பெருகுவதால், பம்பு எதுவும் இல்லாமலேயே நீராவி மேல்தளங்களுக்கு ஏறிவிடுகிறது. அங்கே மீண்டும் நீராகும்போது, கிராமுக்குச் சுமார் 540 கலோரி வீதம் தன்னுள் அடங்கியிருந்த மறைவெப்பத்தை அறைக்கு அளிக்கிறது. ஆனால் கொதிகலன் ஓய்ந்திருக்கும் வேளையில் குழாய்களிலும் ரேடியேட்டரிலும் காற்று நிறைந்துவிடுவதால், அது வெளியேறும் அளவுக்குத்தான் நீராவி உள்ளே நுழைய முடியும். ஆகவே ரேடியேட்டரின் ஒரு முனை சுட்டு மறுமுனை குளிர்ந்திருந்தால், வெளியேற வழியின்றித் தேங்கிய காற்றையே முதலில் ஐயுற வேண்டும் என்பது நீராவிக் குழாய்ப் பணியாளர்களின் அடிப்படைப் பாடமாயிற்று.

தொடக்கத்தில் இக்காற்றை வெளியேற்ற, சிறு திருகு ஒன்றைக் கையால் திறந்து மூட வேண்டியிருந்தது. பின்னர் வந்த தானியங்கி வால்வு, காற்று போகும்வரை திறந்திருந்து, நீராவியின் சூடு பட்டதும் தானே மூடிக்கொண்டது. துருவோ சுண்ணப் படிவோ அதன் நுண்துளையை அடைத்துவிட்டால் ரேடியேட்டர் குளிர்ந்தே கிடக்கும். ஒற்றைக் குழாய் முறையில் நீராவி ஏறுவதும் குளிர்ந்த நீர் இறங்குவதும் ஒரே குழாயின் வழியே என்பதால், ரேடியேட்டர் நுழைவு வால்வை நோக்கிச் சற்று வாட்டமாக இருத்தல் வேண்டும். பல்லாண்டுகளில் தளம் அமிழ்ந்து அவ்வாட்டம் மாறினால், தேங்கிய நீரை நீராவி உந்தித் தள்ளிக் குழாய்ச் சுவரில் மோதச் செய்கிறது. சம்மட்டி அடிபோல் கேட்கும் ஓசை இதனால் எழுவது. நுழைவு வால்வை அரைகுறையாகத் திறந்துவைப்பதும் நீரின் வழியை மறித்து இதே கோளாற்றை உண்டாக்கும்.

இரட்டைக் குழாய் முறை நீருக்குத் தனிவழி அமைத்து இச்சிக்கலைத் தீர்த்தாலும், நீரையும் காற்றையும் போகவிட்டு நீராவியைத் தடுக்கும் ‘ஸ்டீம் டிராப்’ என்ற கருவியைச் சார்ந்திருந்தது. அது மூடியபடியே பழுதானால் அந்த ரேடியேட்டர் மட்டும் குளிரும். திறந்தபடியே பழுதானால் நீராவி திரும்புகுழாயில் புகுந்து பிற அறைகளின் காற்று வெளியேறும் வழியை மறித்துவிடுவதால், குளிரும் அறை ஒன்றாகவும் பழுதுள்ள அறை வேறொன்றாகவும் அமையக்கூடும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் புதிய வீடுகளில் வெப்பக் காற்று முறையும் வெந்நீர் முறையும் இடம்பிடிக்க, நீராவி முறையை அறிந்த பணியாளர்கள் அருகினர். டான் ஹொலோஹன் 1992-இல் வெளியிட்ட நூல் அவ்வறிவை மீட்டெடுக்க எழுந்த முயற்சி. அதற்குள், சதுர அங்குலத்துக்கு இரண்டு பவுண்டுக்கும் குறைந்த அழுத்தத்தில் இயங்கவேண்டிய வீட்டுக் கொதிகலன்களில், குளிர்ந்த அறையைச் சூடாக்கும் நோக்கில் அழுத்தத்தை உயர்த்தும் வழக்கம் பரவியிருந்தது. அழுத்தம் மிகுந்தால் காற்று வால்வுகள் மீண்டும் திறவாமல் போகலாம் என்பதால், எரிபொருள் கூடியும் அறை சூடாவதில்லை. கொதிகலனுக்கு அருகிலுள்ள அறைகளோ, தொலைவிலுள்ள ரேடியேட்டர்களின் காற்று வெளியேறும்வரை மிகையாக வெந்து, அங்கு வாழ்வோரைக் கடுங்குளிரிலும் சன்னல்களைத் திறக்க வைக்கின்றன. ஒரே கட்டடத்தில் எழும் குளிர், புழுக்கம் என்ற இருவேறு முறையீடுகளுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றே.