எலியின் சாட்சியம்

சில ஆண்டுகளுக்கு முன்னர், நீர்த்தேக்கங்களின் நீர் வெயிலில் ஆவியாகிப் போகாமல் காக்கும் முறைகளைப் பற்றிய ஆங்கிலக் குறிப்பொன்று தமிழாக்கத்திற்காக நம்மிடம் வந்தது. அதில் அடிக்கடி வந்த சொற்றொடர் ஒன்றுக்குக் 'கொழுப்புச் சாராயம்' என்று எழுதி வைத்தோம். அகராதிப்படி அதில் பிழை ஒன்றுமில்லை. படியைச் சரிபார்த்த நண்பர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "குடிநீர் ஏரியில் சாராயம் ஊற்றச் சொல்கிறதா சர்க்கார்?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டே 'ஆல்கஹால்' என்று திருத்தினோம். ஆயினும் அவர் கேட்ட கேள்வி சொல்லோடு முடிந்துவிடவில்லை. ஒரு நகரமே பருகும் நீரில் இப்பொருளைத் தூவலாம் என்று தீர்மானித்தவர் எவர்? எதைச் சான்றாகக் கொண்டு தீர்மானித்தனர்? இதனை அறியப் புகுந்தபோது, நூற்றைம்பது ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு விசாரணையின் கதை நமக்குக் கிடைத்தது.

முதலில் பொருளை அறிமுகம் செய்துவிடுவோம். பெருந்தலையை உடைய ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் தலைக்குள் மெழுகு போன்ற ஒரு வஸ்து உண்டு. அக்காலத்தில் அதனைக் கொண்டு மெழுகுவத்தி செய்தனர். மிஷேல் செவ்ரல் என்னும் பிரெஞ்சு ரசாயன அறிஞர், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இம்மெழுகைக் காரத்துடன் காய்ச்சிச் சோப்பாக்கும் போது, சோப்பாகாத வெண்மையான பொருளொன்று எஞ்சக் கண்டார். அதற்கு 'எத்தால்' என்று பெயரிட்டார். ஈதர், ஆல்கஹால் என்னும் இரு சொற்களின் தலையெழுத்துக்களைச் சேர்த்துப் புனைந்த பெயர் அது. 1836இல் தூமா, பெலிகோ என்னும் இருவர், அது மதுவின் இனத்தைச் சேர்ந்த பொருளே என்று நிறுவினர். இன்று அதன் பெயர் சிட்டைல் ஆல்கஹால். திமிங்கிலத்திற்கு உரிய லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. இக்காலத்தில் இப்பொருள் பெரும்பாலும் பனை, தென்னை இன எண்ணெய்களிலிருந்தே வருகிறது. நேயர்கள் தத்தம் வீட்டு அலமாரியில் உள்ள முகப்பூச்சுக் குப்பியையோ ஷாம்பு புட்டியையோ திருப்பிப் பார்த்தால், பொடி எழுத்தில் அப்பெயர் அச்சிடப்பட்டிருப்பதைக் காணக்கூடும்.

மது இனத்தின் இலக்கணம் எளிது. கரியணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலி போலக் கோத்து நிற்கும். சங்கிலியின் ஒரு முனையில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு தலை இருக்கும். கரியணு ஒன்றாயின் அது மெத்தில் ஆல்கஹால். இரண்டாயின் குடிகாரர் நாடும் எத்தில் ஆல்கஹால். மூன்று, நான்கு, ஐந்து என்று சங்கிலி நீண்டுகொண்டே போய்ப் பன்னிரண்டில் லாரைல், பதினாறில் சிட்டைல், பதினெட்டில் ஸ்டியரைல் என்றாகும். நீளம் கூடக் கூட நீரில் கரையும் தன்மை குறைந்து, எண்ணெய்த் தன்மை மிகுந்து, இறுதியில் மெழுகுக் கட்டியாகிவிடும்.

1869இல் இங்கிலாந்தின் மருத்துவர் பெஞ்சமின் வார்ட் ரிச்சர்ட்சன் இக்குடும்பத்தின் இளைய உறுப்பினரை ஒவ்வொன்றாகப் பிராணிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார். சங்கிலி நீள நீள மயக்கமும் நஞ்சும் மிகுகின்றன என்று அவர் கண்டார். ஐந்து கரியணுக்களை உடைய அமைல் ஆல்கஹால், எத்தில் ஆல்கஹாலைவிடக் கொடியதாயிற்று. 'ரிச்சர்ட்சன் விதி' என்று இது பெயர் பெற்றது. 1899இல் ஹான்ஸ் மேயரும், 1901இல் எர்னஸ்ட் ஓவர்ட்டனும், எண்ணெயில் எவ்வளவு எளிதில் கரைகிறதோ அவ்வளவு மயக்கும் ஆற்றலும் ஒரு பொருளுக்கு உண்டு என்று காட்டியபோது, அவ்விதிக்கு ஒரு காரணமும் கிடைத்தது போலாயிற்று.

இவ்விதியை அப்படியே நீட்டிப் பாருங்கள். ஐந்து கரியணுவே இவ்வளவு கொடியதெனில், பதினாறு கரியணுக்களை உடையது ஆலகால விஷமாக அன்றோ இருக்கவேண்டும்? உண்மை நேர்மாறானது. எட்டு, பத்து, பன்னிரண்டு என்ற அளவு வரை ஏறிய வேகம் அதற்கப்பால் அறுந்து விழுகிறது. 1939இல் ஃபெர்குசன் என்பவர் இதற்குத் தெளிவானதொரு விளக்கம் கூறினார். சங்கிலி ஓர் அணு நீளும்போது, கொல்வதற்குத் தேவையான அளவு குறைகிறது. ஆனால் நீரில் கரையக்கூடிய அளவு அதனினும் விரைவாகக் குறைகிறது. ஆதலின் ஓர் எல்லைக்கு அப்பால், நீரில் முற்றும் கரைந்து நிரம்பிய நிலையிலும் நஞ்சாகும் அளவை அப்பொருள் எட்டவே முடிவதில்லை. 1989இல் தவளையின் தலைப்பிரட்டைகளைக் கொண்டு செய்த சோதனைகளில், பன்னிரண்டு கரியணுக்களை உடையது மயக்கியது. பதினான்கு உடையது மயக்கவில்லை.

தலைப்பிரட்டை நீரில் வாழ்வது. நீரில் கரையாதது அதனை அணுகாது. பாலூட்டிகளின் நிலை வேறு. மனிதனும் மாடும் எலியும் பொருளை விழுங்குகின்றன. குடலில் பித்தநீர் இருக்கிறது. கரையாத எண்ணெயையும் அது கரைத்து உள்ளே அனுப்பிவிடும். ஆகவே, 'கரையாது, எனவே தீங்கில்லை' என்ற வாதம் நமக்குச் செல்லுபடியாகாது. தனிச் சோதனை தேவைப்பட்டது.

அச்சோதனைக்கு அளவுகோலும் அதற்குள் பிறந்திருந்தது. 1927இல் இங்கிலாந்தில் டிரெவன் என்பவர், ஒரு பொருளின் கொடுமையை அளக்கச் சிறந்த முறை, சோதனைப் பிராணிகளில் சரிபாதி மடியும் அளவைக் கண்டுபிடிப்பதே என்று கூறினார். டிஜிட்டாலிஸ், இன்சுலின் முதலிய மருந்துகளின் வீரியத்தை நிர்ணயிக்கத் தோன்றிய முறை அது. பின்னர் உலகிலுள்ள ஏறக்குறைய எல்லா ரசாயனப் பொருள்கள் மீதும் ஏவப்பட்டது. எத்தில் ஆல்கஹாலுக்கு எலியின் எடை ஒரு கிலோவுக்குச் சுமார் 7 கிராம் என்று கணக்கு. நான்கு கரியணுக்களை உடைய பியூட்டைல் ஆல்கஹாலுக்கு அதனினும் குறைவு. சிட்டைல் ஆல்கஹாலையோ, கிலோவுக்கு 5 கிராம் புகட்டியும் பாதி எலிகளைக் கொல்ல இயலவில்லை. இத்தகைய சோதனைகளில் எத்தனை உயிர்கள் மாண்டன என்பதை நினைக்கையில் மனம் நோகவே செய்கிறது. 2002ஆம் ஆண்டின் இறுதியில் பழைய முறை சர்வதேச வழிகாட்டி நெறிகளிலிருந்து நீக்கப்பட்டு, மிகச் சில பிராணிகளே போதுமான முறைகள் நிலைபெற்றன.

எலி சாட்சி சொல்லிவிட்டது, வழக்கு முடிந்துவிட்டதா? இங்கேதான் இந்த வரலாறு நம்மை நின்று யோசிக்கச் செய்கிறது. குடும்பத்தின் கடைக்குட்டியான மெத்தில் ஆல்கஹாலின் விஷயத்தில் இதே எலி நம்மை ஏமாற்றியிருக்கிறது. கள்ளச்சாராயத்தில் கலந்து மனிதரின் கண்ணையும் உயிரையும் கொண்டுபோவது மெத்தில் ஆல்கஹால்தான். ரிச்சர்ட்சன் விதிப்படி அது குடும்பத்திலேயே சாதுவான உறுப்பினர். எலியும் அதனைப் பெருமளவில் தாங்கிக்கொள்கிறது. ஆனால் அமெரிக்காவில் அதனைத் தூய்மைப்படுத்தி விற்ற காலத்தில் குருடானவர்களும் இறந்தவர்களுமாக 200க்கு மேற்பட்டோரின் செய்திகளை, 1904இல் கேசி வுட், ஃபிராங்க் புல்லர் என்னும் இரு மருத்துவர்கள் திரட்டி வெளியிட்டனர். எலியின் பேச்சுக்கும் மனிதரின் கதிக்கும் ஏன் இந்த முரண்பாடு? உடலுக்குள் மெத்தில் ஆல்கஹால் ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. எலியின் ஈரல் அவ்வமிலத்தை விரைந்து அகற்றிவிடும். மனிதனின் ஈரலுக்கு அவ்வளவு வேகம் இல்லை. ரீசஸ் குரங்குகள் இவ்விஷயத்தில் எலியை அன்று, மனிதனையே ஒத்திருக்கின்றன என்று 1955இல் கில்கரும் பாட்ஸும் எடுத்துக்காட்டினர்.

ஆகவே, பொருள் உள்ளே போனபின் என்னவாகிறது என்பதுதான் உரிய கேள்வி. செத்த எலிகளை எண்ணுவதால் மட்டும் அதற்கு விடை கிடைக்காது. சிட்டைல் ஆல்கஹாலைப் பொறுத்தவரை விடை 1940இலேயே வந்துவிட்டது. 1933இல் ஜெர்மனியை விட்டு நியூயார்க்கில் அடைக்கலம் புகுந்த ருடால்ஃப் ஷோன்ஹைமரும், அவரிடம் பயின்ற டி விட் ஸ்டெட்டனும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அழகியதொரு தந்திரத்தைக் கையாண்டனர். அதே பல்கலைக்கழகத்தில் யூரே கண்டறிந்திருந்த கன ஹைட்ரஜனைச் சிட்டைல் ஆல்கஹாலில் ஏற்றி எலிகளுக்கு ஊட்டினர். வண்ணான் துணியில் இடும் குறி போல அது எங்கே சென்றாலும் காட்டிக்கொடுக்கும். பின்னர் எலிகளின் கொழுப்பை ஆராய்ந்தபோது, அக்குறி பால்மிடிக் அமிலத்தில் இருக்கக் கண்டனர். பால்மிடிக் அமிலம் என்பது நெய்யிலும் தேங்காயெண்ணெயிலும் நம் உடற்கொழுப்பிலும் இருப்பதே. மெத்தில் ஆல்கஹாலை நஞ்சாக்கும் உடல், சிட்டைல் ஆல்கஹாலை உணவாக்கிக் கொள்கிறது. முழுவதும் உறிஞ்சப்படுவதும் இல்லை. ஒரு பகுதி மலத்தோடு வெளியேறிவிடுகிறது.

இனி, நண்பர் கேட்ட ஏரிக்கு வருவோம். மெழுகு ஆல்கஹால் மூலக்கூறுகள் நீர்ப்பரப்பில் விழுந்தால், தலையை நீரில் ஆழ்த்தி வாலை மேலே நிறுத்தி, தோளோடு தோள் உரசி ஒற்றை வரிசையாக நெருங்கி நிற்கும். அவ்வரிசையினூடே நீராவி எளிதில் தப்பாது. ராஜஸ்தான், குஜராத் போன்ற வறண்ட பிரதேசங்களில் வாழும் நம்மவர், கோடையில் ஏரி வற்றும் வேகத்தைக் கண்ணாரக் கண்டிருப்பர். ஆண்டுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் ஆழ நீர் அங்கே வானத்திற்குப் போய்விடுகிறது. 1950களில் ஆஸ்திரேலியாவில் மான்ஸ்ஃபீல்டு என்பவர் இப்படலத்தைக் கொண்டு நீரைக் காக்க முயன்றார். நமது நாட்டில் பூனாவின் தேசிய ரசாயன ஆய்வுக்கூடத்தினர், இவ்வகை ஆல்கஹால்களிலிருந்து இன்னும் திறமையான பொருள்களை ஆக்கி ஆராய்ந்தனர். 1958இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகருக்குக் குடிநீர் தரும் ஹெஃப்னர் ஏரியில் பெருஞ்சோதனை நடந்தது. குடிநீர் ஆகையால் பொறியாளர் மட்டும் முடிவு செய்ய இயலவில்லை. பொதுச் சுகாதாரத் துறையினரும் உடனிருந்தனர்.

அவர்கள் மனத்தில் ஓடியிருக்கக்கூடிய கணக்கை நாமும் போட்டுப் பார்த்தோம். ஒற்றை அடுக்குப் படலத்திற்கு ஒரு சதுர மீட்டருக்கு 2 மில்லிகிராம் போதும்; ஒரு ஹெக்டேருக்கு வெறும் 20 கிராம். ஏரி ஒரு மீட்டர் ஆழமே என்றும், படலம் முழுதும் நீரில் கலந்துவிட்டது என்றும் வைத்துக்கொண்டாலும், லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் இரண்டு பங்குதான் வரும். காற்று படலத்தைக் கிழித்துக் கரையில் ஒதுக்கிவிடுமாதலால் மீண்டும் மீண்டும் தூவவேண்டும். நூறு முறை தூவியதும் சிறிதும் அழியாமல் நீரிலேயே தங்கிற்று என்று கொள்வோம். நாளொன்றுக்கு 2 லிட்டர் பருகுபவர் வயிற்றில் 0.4 மில்லிகிராம் சேரும். தாளிக்க விடும் இரண்டு கரண்டித் தேங்காயெண்ணெயில், 10 கிராம் என்று கொண்டால், உள்ள பால்மிடிக் அமிலம் இதைப்போல் ஏறத்தாழ இரண்டாயிரம் மடங்கு. அமிலமாக மாறிவிடும் பொருள் என்று தெரிந்த பின்னரே இவ்வொப்பீட்டிற்குப் பொருள் உண்டு. ஸ்டெட்டனும் ஷோன்ஹைமரும் செய்த வேலை இல்லையேல், இது வெறும் எண் விளையாட்டாகவே போயிருக்கும். ஹெஃப்னர் ஏரியில் மிச்சமான நீர், ஆவியாகக்கூடியதில் சுமார் 100க்கு 9 பங்கே. நஞ்சன்று, காற்றுதான் அத்திட்டத்திற்குப் பகையாயிற்று.

விழுங்குவதை மட்டுமே பேசினோம். உட்செல்லும் வழி மாறினால் தீர்ப்பும் மாறும். திரவ நிலையில் உள்ள இடைநீள ஆல்கஹால்கள் மூச்சுக்குழலுக்குள் சிறிது சென்றாலும் எலிகளைக் கொல்வதை 1966இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. தோலில் தடவும் பூச்சுக்களில் உள்ள மெழுகு ஆல்கஹால்களால் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் உண்டாவதைத் தோல் மருத்துவர்கள் அறிவர். ஆனால் இவற்றையெல்லாம்விட நம் மனத்தைத் தொட்டது வட சுவீடனிலிருந்து வந்த செய்தியே.

1957இல் ஷோக்ரன், லார்சன் என்னும் இருவர், அந்நாட்டின் வெஸ்டர்போட்டன் வட்டாரத்தில் சில குடும்பங்களில் தலைகாட்டிய பிறவிநோய் ஒன்றை விவரித்தனர். குழந்தையின் தோல் மீன்செதிள் போலத் தடித்து வறண்டிருக்கும். கால்கள் விறைத்து நடை தடைப்படும். அறிவு வளர்ச்சி குன்றும். காரணம் முப்பது ஆண்டுகள் வரை புலப்படவில்லை. 1988இல் அமெரிக்காவில் வில்லியம் ரிஸ்ஸோவும் அவருடைய துணைவரும், இக்குழந்தைகளின் உயிரணுக்களில் நீண்ட சங்கிலி ஆல்கஹாலைக் கொழுப்பமிலமாக மாற்றும் படி ஒன்று பழுதுற்றிருப்பதைக் கண்டனர். 1996இல் பழுதான மரபணுவும் அகப்பட்டது. எலியின் உடலில் குறியிட்ட பொருள் தடையின்றி நடந்து சென்ற அதே பாதைதான், இக்குழந்தைகளின் உடலில் அடைபட்டுக் கிடந்தது. அவர்களை வாட்டும் ஆல்கஹால் ஏரி நீரிலிருந்தோ முகப்பூச்சிலிருந்தோ வந்ததன்று. அவரவர் உடலே நாள்தோறும் ஆக்கிக்கொள்வது. நம் உடலும் அதனை ஆக்கி, நாம் அறியாமலே செலவழித்து விடுகிறது.

2006இல் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பின் கூட்டமொன்று, ஆறு முதல் இருபத்திரண்டு கரியணுக்கள் வரை உள்ள ஆல்கஹால்களை ஒரே குடும்பமாகக் கொண்டு, அதுவரை கிடைத்த சோதனைகளை எல்லாம் பரிசீலித்தது. பாலூட்டிகளுக்கு இவற்றின் நஞ்சு மிகக் குறைவு என்பதே அங்கு கண்ட முடிவு. நீர்வாழ் உயிர்களுக்கு அதே முடிவைக் கூறிவிட இயலவில்லை. பன்னிரண்டு கரியணுக்களை ஒட்டிய உறுப்பினர் நீரில் கரையும் மிகச் சிறிய அளவே நீர்த்தெள்ளுகளைத் துன்புறுத்துகிறது. ஏரியில் மெழுகு தூவ எண்ணுவோர், கரையில் நீர் அருந்தும் பசுவுக்கு ஒரு கணக்கும், அடியில் நீந்தும் புழுபூச்சிகளுக்கு வேறொரு கணக்கும் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.