மாயாவி: அசுரன் பெயர் நாயகன் பெயரான வரலாறு

மாயாவி என்பது ‘மாயா’ என்னும் வடசொல்லோடு உடைமைப் பொருள் தரும் விகுதி சேர்ந்து அமைந்த சொல்லாதலால், மாயம் செய்யும் ஆற்றல் உடையவன் என்பதே அதன் முதற்பொருள். கருமையைக் குறிக்கும் ‘மா’ என்னும் அடியில் பிறந்த மாயோன் இதனின் வேறு. இராமாயணத்தில் வாலியைப் போருக்கழைத்துப் பின் அஞ்சியோடி, பிலம் எனப்படும் நிலத்தடிக் குகைக்குள் மறைந்த அசுரனின் பெயரும் இதுவே. அகராதிகள் பெரும்பாலும் வஞ்சகன், மாயவித்தைக்காரன் என்றே பொருள் கூறுகின்றன. நல்லவனுக்கு இப்பெயரை உரிமையாக்கியது சித்திரக்கதை இதழ்களே.

1972இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. பிரிட்டனின் வேலியண்ட் வார இதழில் 1962இல் தோன்றிய அக்கதையின் நாயகன் லூயி கிராண்டல், விபத்தில் ஒரு கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்டவன். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறைந்து, அந்தக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். கிடைத்த ஆற்றலை முதலில் குற்றத்துக்குப் பயன்படுத்திப் பின்னரே நாட்டுக்கு உழைக்கும் உளவாளியாக மாறியவன் என்பதால், சொல்லின் பழைய பொருளும் புதிய பொருளும் அவன் ஒருவனிடமே கூடியிருக்கின்றன.

1984இல் தொடங்கிய ராணி காமிக்ஸ், பின்னாளில் அமெரிக்கப் படக்கதை நாயகன் பேண்டமை ‘முகமூடி வீரர் மாயாவி’ என்று அழைத்தது. இந்தியில் வேதாளமாக நின்ற அவ்வீரர், தந்தை முகமூடியை மகன் அணிந்து தலைமுறைதோறும் தொடர்வதால், சாவற்ற ஒருவராகவே காட்டு மக்களுக்குத் தோன்றுகிறார். 1936இல் அவரைப் படைத்த லீ ஃபால்க்கின் இயற்பெயர் லியோன் கிராஸ். அவர் ஒரு யூதர். இறுகிய உடையும் கருவிழி தெரியாத முகமூடியும் பூண்ட அந்த உருவம், யூதக் குடியேறிகளின் பிள்ளைகளான ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1938இல் வெளிக்கொணர்ந்த சூப்பர்மேனுக்கும் முந்தியது. விளம்பரத் துறையும் மதிப்பு மிக்க இதழ்களும் யூதர்க்கு எளிதில் கதவு திறவாத அக்காலத்தில், இழிவாகக் கருதப்பட்ட காமிக்ஸ் தொழிலே அவர்களுக்கு இடம் தந்தது. அங்கும் பலர் இயற்பெயரைத் துறந்தனர்: ஜேக்கப் குர்ட்ஸ்பர்க் ஜாக் கிர்பியானார், ஸ்டான்லி லீபர் ஸ்டான் லீ ஆனார். பேட்மேன் புகழ் பாப் கேனும் பிறப்பால் ராபர்ட் கான். முகமூடிக்குள் ஒருவரும் ஊர் அறிய வேறொருவருமாக வாழும் நாயகர்களை இவர்கள் மீண்டும் மீண்டும் படைத்ததைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு தலைமுறையாக மாயாவி என்று சொன்னபோது அசுரனை நினைக்கவில்லை. இனி அகராதி தொகுப்போர் வஞ்சகனுக்கு அடுத்து, மறைந்து நின்று நீதி காக்கும் கதை நாயகன் என்னும் பொருளையும் அச்சொல்லுக்குச் சேர்க்க வேண்டும்.